சில்வர் கேட் எங்கே இருக்கிறது?

"டீச்சர், பத்து நாள்ல எனக்கு இங்கிலீஷ் வந்தாகணும். வரலன்னா நான் காலி."

வேதகிரி மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் சொன்னார். வயது ஐம்பத்தொன்று. சட்டைக்கு மேல் இடுப்பு பெல்ட் கட்டியிருந்தார்.

டீச்சர் பிரிஸ்கில்லாவுக்கு இருபத்தெட்டு வயது. புதுப்பேட்டையில் ஒரு சீட் கவர் கடைக்கு மேலே ஒரே அறை, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சென்னையின் பெரிய வரைபடம். பள்ளிக்கூடம் அவ்வளவுதான். கீழே ரெக்சின் கிழிக்கிற சத்தம் நாள் முழுக்க மேலே கேட்கும்.

"உக்காருங்கண்ணா. யாரு உங்களைக் காலி பண்றது?"

"ஆஸ்பத்திரி மேனேஜர். பத்தாம் நாள் டெஸ்ட்டு, அதுவரைக்கும் வேனைத் தொடாதன்னுட்டாரு. வெளிநாட்டு பேஷன்ட்டுங்களை ஏர்போர்ட்லருந்து வேன்ல இட்டுக்கினு வர்ற வேலை எனக்கு. சேர்ந்து ஒரு மாசம்கூட ஆவல."

"அதுக்கு முன்னாடி?"

"ஆட்டோ. எழும்பூர் ஸ்டாண்டு. இருபத்தாறு வருஷம். இடுப்புல டிஸ்க் நகந்துடுச்சு. இனிமே ஆட்டோல உக்காந்தா எழுந்திரிக்கவே மாட்டேன்னுட்டாரு டாக்டர். வண்டியை வித்துட்டேன். இதுவும் போச்சுன்னா எனக்கு வேற வேலை தெரியாதும்மா."

"என்ன தப்பு பண்ணீங்க?"

வேதகிரி தரையைப் பார்த்தார்.

"போன வாரம் மஸ்கட்லருந்து ஒரு பெரியவரு வந்தாரு. கிண்டி தாண்டறப்ப பின்னாலருந்து இன்னாவோ சொன்னாரு. 'எஸ் சார்'னேன். திரும்பவும் சொன்னாரு. 'எஸ் எஸ்'னேன். அப்பறம் சத்தமே இல்ல. திரும்பிப் பார்த்தா ஆளு சீட்ல சாஞ்சு கெடக்காரு."

"என்ன சொல்லியிருக்காரு?"

"மயக்கமா வருதுன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு தடவை. கடவுள் புண்ணியம், பொழைச்சுட்டாரு. எனக்குத்தான் அன்னிலருந்து சோறு எறங்கல."

"எனக்குப் புரியலன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

வேதகிரிக்கு இந்தக் கேள்வி விசித்திரமாக இருந்தது.

"கஸ்டமர்கிட்ட போயி தெரியாதுன்னு எப்படிம்மா சொல்றது?"

அவர் சொன்னது பொய்யில்லை. நீங்கள் வேண்டுமானால் எந்த ஸ்டாண்டுக்காவது போய், வாயில் வந்த தெருப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "உக்காருங்க" என்பார்கள். வண்டி கிளம்பி மூன்றாவது டீக்கடை வாசலில்தான் அந்தத் தெரு எங்கே என்று விசாரிப்பார்கள். தெரியாது என்று சொன்னால் சவாரி அடுத்த வண்டிக்குப் போய்விடும். வயிற்றுப்பாடு கற்றுக் கொடுத்த பழக்கம் அது. வேதகிரி இருபத்தாறு வருஷம் அப்படித்தான் ஓட்டியிருந்தார்.

பிரிஸ்கில்லா எழுந்து வரைபடத்தின் பக்கத்தில் நின்றாள்.

"வெள்ளைக்காரன் வந்து ஏறினா, ஆயிரம் விளக்கை என்னன்னு சொல்லுவான்?"

"தவுசண்ட் லைட்ஸ்."

"பூக்கடை?"

"ஃப்ளவர் பஜார்."

"யானைகவுனி?"

"எலிஃபன்ட் கேட்."

"சின்னமலை?"

"லிட்டில் மவுண்ட். இன்னா டீச்சர், எங்கிட்டயே ஊரு கேக்கறீங்க?"

"ஆயிரத்துக்கு இங்கிலீஷ்ல என்ன?"

வேதகிரி வாயைத் திறந்தார். மூடினார்.

"தவுசண்ட்."

"பூ?"

"ஃப்ளவர்."

"யானை? கவுனி? சின்ன? மலை?"

"எலிஃபன்ட். கேட். லிட்டில். மவுண்ட்." நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அட, இதெல்லாம் எனக்குத் தெரியும் டீச்சர்! இருபத்தாறு வருஷமா வாயில வச்சிக்கினே சுத்தியிருக்கேன்!"

"நாளைக்கு வடக்கால போயிட்டு வாங்க. வர்றப்ப வார்த்தையோட வாங்க."

அவர் போனார். பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். பேசின் பிரிட்ஜிலிருந்து பாலம் கொண்டுவந்தார். சால்ட் கோட்டர்ஸிலிருந்து உப்பு. வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து சுவரும் வரியும். அடுத்த நாள் கடற்கரைப் பக்கம் போய் பீச், ஹார்பர், லைட் ஹவுஸ், ஐஸ் ஹவுஸ். பழைய வண்ணாரப்பேட்டையில் 'ஓல்ட்' என்று எழுதியிருந்த பலகைக்கு முன்னால் நின்று பத்து தடவை சொல்லிப் பார்த்தார். பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த கீரைக்காரம்மா தன்னைத்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து ஒரு பாட்டம் திட்டினாள்.

வீட்டில் அவர் மனைவி சம்பூரணம் குழம்புக்கு உப்பு போட்டால் "சால்ட்" என்பார். விளக்கைப் போட்டால் "லைட்."

"லைட்டு எனக்கும் தெரியும்யா. நகரு," என்பாள் அவள்.

ஐந்தாம் நாள் வேதகிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"டீச்சர், மொத்தம் நூத்தி நாப்பது வார்த்தை. ஊரே எங்கிட்ட இருக்கு. இன்னா வேணா கேளுங்க."

"ஊர்ல இல்லாத வார்த்தை வந்தா என்ன செய்வீங்க?"

"சமாளிச்சுருவேன்."

"எப்படி?"

"அது அந்த நேரத்துக்குத் தானா வரும்மா. எத்தினி வருஷ சர்வீஸு!"

பிரிஸ்கில்லா பேனாவை மூடினாள். "நாளைக்கு உங்க கூட்டாளிகிட்ட ஒரு ஆட்டோ கேட்டு எடுத்துட்டு வாங்க. அரை நாள் போதும்."

ஆறாம் நாள் காலை. ஆட்டோ கடை வாசலில் நின்றது. டீச்சர் இறங்கி வந்தாள்.

"எங்க போவணும் டீச்சர்?"

"சில்வர் கேட்."

வேதகிரியின் கண்ணில் ஒரு நொடி தயக்கம் வந்து போனது. அவ்வளவுதான்.

"உக்காருங்க," என்றார்.

சென்ட்ரலைத் தாண்டும்போது தனக்குத்தானே கணக்குப் போட்டார். சில்வர்னா வெள்ளி. கேட்னா கவுனி. யானைகவுனி அங்கே இருக்கிறது, வெள்ளிக்கவுனி மட்டும் எங்கே போய்விடும்? பக்கத்தில்தான் இருக்கும்.

வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தினார்.

"தலைவா, சில்வர் கேட்டு எங்க இருக்கு?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நிற்கவில்லை. "நேரா போயி லெஃப்ட்டு."

நேராகப் போய் லெஃப்ட் திரும்பினார். அங்கே ஒரு லாரி ஷெட். பார்சல் ஏற்றிக்கொண்டிருந்த ஆள் தலையைச் சொறிந்தபடி, "தாண்டி வந்துட்டியே. ரிட்டன் அடிச்சு ரெண்டாவது ரைட்டு," என்றான்.

ரெண்டாவது ரைட்டில் பூ கட்டும் அம்மா, "மேம்பாலத்துக்கு அந்தாண்ட" என்றாள். மேம்பாலத்துக்கு அந்தாண்டை ஒரு பாத்திரக்கடைக்காரர், "பேரை மாத்திட்டாங்க, ஆனா இடம் அங்கேயேதான் இருக்கு," என்று கிழக்கே கை காட்டினார். கிழக்கே இஸ்திரி வண்டிக்காரர் மேற்கே காட்டினார்.

வெயில் ஏறியது. குண்டும் குழியுமான ரோடு. ஒவ்வொரு குழிக்கும் வேதகிரியின் இடுப்பில் சுரீர் என்று இழுத்தது. பின்னால் பிரிஸ்கில்லா வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றரை மணி நேரம்.

கடைசியில் அவர் வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் ஓரம் கட்டினார். பின்னால் திரும்பாமலே கேட்டார்.

"எந்த சில்வர் கேட்டும்மா?"

"அப்படி ஒரு இடமே கிடையாதுண்ணா."

"இன்னாது?"

"நான்தான் பேர் வச்சேன். நேத்து ராத்திரி."

வேதகிரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாம்மா வெளையாடறியா? இடுப்பு ஒடையுது எனக்கு! இல்லாத இடத்துக்கு எதுக்கும்மா கூப்ட்ட?"

"நீங்க எதுக்குண்ணா கிளம்புனீங்க?"

அவர் வண்டியைத் திருப்பினார்.

திரும்பி வந்ததும் பிரிஸ்கில்லா மாடிக்குப் போய், அவர் வழக்கமாக உட்காருகிற நாற்காலியை எடுத்து இன்னொரு நாற்காலியின் மேல் அடுக்கினாள்.

"இல்லாத இடத்துக்கு ஒருத்தர் கூப்பிட்டா என்ன சொல்லணும்? பதில் வந்ததும் இதை இறக்கிப் போடறேன். அதுவரைக்கும் நின்னுக்கிட்டே படிங்க."

"டீச்சர், என் இடுப்பு..."

"தெரியும்ணா."

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஏழாம் நாள் நின்றுகொண்டே பதில் சொன்னார். "அந்தப் பேட்டை முழுக்க ஒரு ரவுண்டு காட்டிட்டு, இதான் சில்வர் கேட்டுன்னு எறக்கி வுட்ருவேன்."

"இல்ல."

எட்டாம் நாள். "போன்ல மேப்பு போடுவேன்."

"மேப்புலயும் இல்லாத இடம்ணா."

ஒன்பதாம் நாள் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வந்தார். "டபுள் சார்ஜு கேப்பேன். அவங்களே வேணாம்னு எறங்கிப் போயிருவாங்க. நான் இல்லன்னு சொன்ன மாதிரியும் இருக்காது. எப்புடி?"

மற்ற மாணவர்கள் கை தட்டிவிட்டார்கள். பிரிஸ்கில்லா தட்டவில்லை. நாற்காலி அடுக்கியபடியே இருந்தது.

"நாளைக்கு டெஸ்ட்டு டீச்சர். ஒரே ஒரு பதிலுக்காக நாலு நாளு நிக்க வச்சுட்டீங்க. இன்னும் நூறு வார்த்தை கத்துக்கினு இருந்திருப்பேன்."

"ஆமாண்ணா, கத்துக்கிட்டிருப்பீங்க," என்றாள் அவள். அவர் விந்தி விந்திப் படி இறங்குவதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள்.

விடியும் முன்பே சம்பூரணம் எழுந்து கம்பும் ராகியும் வேர்க்கடலையும் வறுத்து, மாவாக அரைத்து, வெல்லம் போட்டு உருண்டை பிடித்தாள். டப்பாவில் ஆறு உருண்டை.

"டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு துன்னுட்டுப் போ. தெம்பா இருக்கும். வாய் குழறாது."

அவருக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. டப்பாவை அப்படியே வேனில் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் குலசேகரன் சாவியைக் கையில் கொடுக்கும்போதே விதியைச் சொல்லிவிட்டார்.

"தான்சானியாலருந்து ஒரு அம்மாவும் பொண்ணும் வர்றாங்க. பொண்ணுக்கு ஆறு வயசு, இதயத்துல ஓட்டை. நாளன்னைக்கு ஆபரேஷன். போனை முன்னாடி ஸ்டாண்டுல மாட்டு. லைன் ஆன்லயே இருக்கணும். பின்னாடி அவங்க பேசறது எனக்குச் சரியா விளங்காது, ஏதோ கேக்கறாங்கன்னு மட்டும் தெரியும். நீ பேசறது தெளிவா கேக்கும். அது போதும்."

"சரி சார்."

"பதில் சொல்லாம முழிச்சாலோ, தெரியாது கிரியாதுன்னு சொன்னாலோ ஒண்ணுன்னு சொல்வேன். மூணு வந்துச்சுன்னா நீ எதுவும் கேக்கக்கூடாது. அவங்களை இறக்கிட்டு சாவியை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டுப் போயிடணும்."

"சரி சார்."

ஏர்போர்ட்டில் அந்த அம்மா நல்ல உயரமாக, மஞ்சள் துணியில் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பெண்ணின் பெயர் நீமா. மெலிந்த குழந்தை. நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்கியது. வேதகிரியும் கூடவே நின்று நின்று நடந்தார்.

பெட்டிகளை முன் சீட்டில் ஏற்றும்போது அந்த அம்மா ஏதோ கேட்டாள். வேதகிரி பெட்டியைப் பிடித்தபடி நின்றார். வார்த்தை எதுவும் பிடிபடவில்லை.

"ஒண்ணு," என்றது போன்.

கத்திப்பாரா மேம்பாலத்தில் இன்னொரு கேள்வி வந்தது. அதில் 'பிரிட்ஜ்' என்று ஒன்று கேட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் இருந்தது என்ன என்று யோசித்துக்கொண்டே பாலத்தை விட்டு இறங்கிவிட்டார்.

"ரெண்டு. வேதகிரி, ரெண்டு ஆச்சு."

ஸ்டீயரிங்கில் கை வழுக்கியது. வேட்டியாக இருந்தால் வியர்வையை இழுத்துக்கொண்டிருக்கும். யூனிஃபார்ம் பேன்ட்டில் துடைத்தார்.

சின்னமலை வந்தது. எதிரே மாதாகோயில் சிலுவை தெரிந்தது. அவருக்கு உயிர் வந்தது.

"மேடம், திஸ் லிட்டில் மவுண்ட்," என்றார். "மவுண்ட், லிட்டில்."

"லிட்டில்!" என்று நீமா சிரித்தாள்.

"எஸ்! லுக், பிரிட்ஜ். ஓல்ட் பிரிட்ஜ். ஆஃப்டர், தவுசண்ட் லைட்ஸ். ஆஃப்டர், ஆஸ்பிடல். நியர் பீச். லைட் ஹவுஸ், பிக் ஹவுஸ், லைட்!"

நீமா ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னாள். அந்த அம்மாவும் சிரித்தாள். போனில் குலசேகரன் "ம்ம்" என்றார். திருப்தியான 'ம்ம்.' வேலை தப்பித்தது என்று வேதகிரி நினைத்தார். ஊரே அவருக்குக் கை கொடுத்தது.

நந்தனம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நூற்றிருபது நொடி.

நீமா சிணுங்கினாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பசி என்பதற்கு எந்த பாஷையும் தேவையில்லை. வேதகிரி டப்பாவைத் திறந்து ஒரு உருண்டையை எடுத்துப் பின்னால் நீட்டினார். குழந்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.

அந்த அம்மா குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தாள். வேதகிரியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

அவள் கேட்டது இதுதான்: இதில் வேர்க்கடலை சேர்த்திருக்கிறீர்களா? இவளுக்கு ஆகாது.

நமக்குப் புரிகிறது. அவருக்குப் புரியவில்லை. அந்த வார்த்தை பேசின் பிரிட்ஜில் இல்லை, பூக்கடையில் இல்லை, அவர் இருபத்தாறு வருஷம் ஓட்டின எந்த ரோட்டிலும் இல்லை.

சிக்னலில் எண்பத்தாறு.

அவள் முகத்தில் கவலை எதுவும் தெரியவில்லை. இதைத் தினமும் எல்லோரிடமும் கேட்டுப் பழகியவள். அவர் நம்மூர் வழக்கப்படி தலையை ஆட்டிச் சிரித்தால் போதும், இல்லை என்று எடுத்துக்கொள்வாள். பிள்ளையின் மணிக்கட்டை விட்டுவிடுவாள்.

நோ ப்ராப்ளம் மேடம், குட், ஹெல்த். எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தங்கமான சாப்பாடுதானே, சம்பூரணம் கையால் பிடித்தது. என்ன கேட்டிருக்கப் போகிறாள்? நல்லா இருக்குமா என்றுதான் கேட்டிருப்பாள்.

முன்னால் போன் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே குலசேகரன் மூச்சு விடுவது கேட்டது.

எழுபத்தொன்று.

குழந்தை உருண்டையை மோந்து பார்த்தது.

அந்த நேரத்தில் வேதகிரிக்கு எதற்கோ அந்த டீக்கடைக்காரர் முகம் ஞாபகத்துக்கு வந்தது. டீயை ஆற்றிக்கொண்டே, கை நிற்காமல், நேரா போயி லெஃப்ட்டு என்றாரே, அந்த முகம். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். அப்புறம் லாரி ஷெட் ஆள். பூக்காரம்மா. பாத்திரக்கடை. ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது...

அப்புறம் சீட்டில் சாய்ந்து கிடந்த மஸ்கட் பெரியவர்.

"மேடம்," என்றார். கனைத்துக்கொண்டார்.

"ஐ டோன்ட் நோ."

"மூணு," என்றது போன்.

அவருக்குக் கேட்டது. கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பெல்ட்டோடு இடுப்பை முறுக்கி முழு உடம்பையும் பின்னால் திருப்பினார். வலியில் கண் இருட்டியது.

"ஐ டோன்ட் நோ, மேடம். ப்ளீஸ். ஷோ."

அந்த அம்மா அவரை ஒரு கணம் பார்த்தாள். குழந்தையின் மணிக்கட்டை விடாமலே, இன்னொரு கையால் தன் போனில் எதையோ தேடி எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வேர்க்கடலை. தோலோடு, ஒரு கை நிறைய.

விரலால் தள்ளினாள். அடுத்த படத்தில் நீமா. முகம் வீங்கிக் கண் தெரியவில்லை. வாயில் குழாய்.

"அய்யோ," என்றார் வேதகிரி.

அவர் கை போன வேகம் அவருக்கே தெரியாது. உருண்டையைக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கி வெளியே எறிந்தார். "நோ, நோ, நோ!" டப்பாவையும் எறிந்தார். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நாற்பது வண்டி ஹாரன் அடித்தது. பைக்கில் வந்த ஒருவன் வாயில் வந்தபடி ஏசிக்கொண்டு போனான். வேதகிரி இறங்கினார். பின் கதவைத் திறந்து, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். நகத்து இடுக்கில்கூட மாவு இருக்கக்கூடாது என்று தேய்த்தார். நீமா வீறிட்டு அழுதாள்.

"யோவ் வேதகிரி! என்னய்யா அங்க சத்தம்? வண்டி ஏன் நிக்குது? யோவ்!"

போனை எடுத்து அணைத்தார்.

அந்த அம்மா குழந்தையின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள். மூச்சைக் காது வைத்துக் கேட்டாள். ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் வேதகிரியின் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுதபடி, நீளமாக ஏதோ சொன்னாள்.

"ஐ டோன்ட் நோ, மேடம்," என்றார் அவர். அவருக்கும் கண்ணீர் வழிந்தது.

அவர்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார். பெட்டிகளை உள்ளே வைத்தார். நீமா டாட்டா காட்டினாள். "லிட்டில் மவுண்ட்," என்றாள்.

சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தார். உட்கார இடம் கிடைக்கவில்லை.

புதுப்பேட்டையில் கடை சாத்தும் நேரம். மாடியில் பிரிஸ்கில்லா தனியாக உட்கார்ந்து நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தாள். வேதகிரி சுவரோரம், கடந்த நாலு நாளாக நிற்கிற அதே இடத்தில் போய் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் பேனா பாதியில் நின்றுவிட்டது.

"குழந்தை வாயில வைக்கலையே?"

"வைக்கலம்மா. மோந்து மட்டும்தான் பாத்துச்சு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அந்த வார்த்தையை உங்களுக்கு நான் சொல்லித் தரலையேண்ணா."

"ஊர்ல இல்லையேம்மா."

கீழே ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

"வேலை?"

"மூணு ஆயிடுச்சு. சாவியைக் குடுத்துட்டேன்."

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. வழியில்தான் சம்பூரணத்திடம் பேசுவதற்காக மறுபடி போட்டிருந்தார். எடுத்துப் பார்த்தார்.

"குலசேகரன் சாரு." போனை ஏதோ சூடான பொருளைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். "எதுக்கும்மா கூப்புடறாரு? திட்டறதுக்கா, திரும்ப வேலைக்கா? நீங்க சொல்லுங்க. இன்னாவா இருக்கும்?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

பிரிஸ்கில்லா எழுந்து போய், அடுக்கி வைத்திருந்த நாற்காலியை மேலிருந்து இறக்கினாள். துப்பட்டா நுனியால் தூசி தட்டி, அவருக்குப் பக்கத்தில் போட்டாள்.

"எனக்குத் தெரியாதுண்ணா," என்றாள். "உக்காருங்க."